கணுவா, ஆணியா

கணுவாகத்தான் இருக்கும். கணு, கணு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கணுவாகிவிடுமா என்ன. பசுவின் முன்னங்காலுக்கும் கன்றின் மூக்குக்கும் நடுவில், வெறும் பள்ளமாகப் போக வேண்டிய இடத்தில், அந்தக் கறுப்பு. பசு, கன்று என்று சொல்கிறேனே தவிர அங்கே இன்னும் பசுவும் இல்லை கன்றும் இல்லை, அதெல்லாம் கம்ப்யூட்டரில் படமாக இருக்கிறது, பலகையில் இருப்பது படி படியாக ஒரு பெரிய மேடும் பக்கத்தில் ஒரு சின்ன மேடும்தான். காலையில் பலாப் பலகையை மேசையில் ஏற்றி மூலைக்கு மூலை கிளாம்ப் முறுக்கும்போது அது புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. செதுக்குகிற மெஷினின் வெட்டுமுனை, பிட், முதல் சுற்று மேலாக எடுத்துவிட்டுப் போனபிறகு தூசியை ஊதிப் பார்த்தால் என் கட்டைவிரல் அகலம் ஆகியிருக்கிறது. கணு என்றால் சுற்றிவர வளையம் இருக்கும், ரேகை அதைச் சுற்றிக்கொண்டு போகும், வாய்க்கால் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி. ஆணியின் இரும்புக் கறை அப்படியில்லை, ரேகையோடேயே ஓடி இரண்டு பக்கமும் கூராக முடியும். இதற்கு ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் சுழி. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஒட்டாததும் ஒரு பதிலா. அரைவிரல் ஆழத்துக்குக் கீழே கிடந்தால் அந்தக் காந்தத்துக்கு ஒன்றும் தெரியாது, அது பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, போய், திரும்பி, ஒரு மயிரிழை மேலே ஏறி, போய், திரும்பி, தரை துடைக்கிறவள் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து துடைக்கிற மாதிரி. உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடும். கணுவாகத்தான் இருக்கும்.

ரேகையோடு ஓட்டலாம் என்று பாதையைப் போட்டது நான்தான். பலாவைக் குறுக்கே ஓட்டினால் நார் நாராகச் சிலுப்பிக்கொண்டு நிற்கும், அப்புறம் உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துக் கை போய்விடும், தேய்ப்பதும் நான்தானே. பள்ளம் எடுக்க இரண்டு நூல், அதாவது கால் அங்குல, தட்டை முனைப் பிட். அதற்குப் பிறகு உடம்பு வளைவுக்கு ஒரு நூல் உருண்டை முனை. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் வாலில் இருக்கிற மயிருக்கும் ஊசி மாதிரி ஒன்று, அதைத் தொடவே எனக்குப் பயம், டப்பாவிலிருந்து எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படி வந்தது என்று அத்தானின் சிநேகிதர்கள் கேட்பார்கள், என்னிடம் அல்ல, அத்தானிடம். நான் தட்டில் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். திரையில் நீலக் கோடு வெட்டுகிற பாதை, சிவப்புக் கோடு பிட் தூக்கிக்கொண்டு தாண்டுகிற பாதை, இதில் என்ன கஷ்டம், ஊக்கு வைத்துச் சேலை மடிப்பு எடுப்பது இதைவிடக் கஷ்டம். எனக்குக் கஷ்டமெல்லாம் பேச்சில்தான். இந்த மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது, நானும் சொல்ல வேண்டாம், அதுதான் இந்தக் கொட்டகையில் எனக்குப் பிடித்தது. போன மாதம் ஒரு பிட் ஒடிந்தது. அதற்கு முந்தின மாதமும் ஒன்று ஒடிந்தது, ஆனால் அது அத்தான் கையில். அவர் கையில் ஒடிந்தால் பிட் மட்டம், என் கையில் ஒடிந்தால் நான் மட்டம். "இன்னொண்ணு போச்சுன்னா சம்பளத்துக்கு ஆளைப் போட்டுருவேன் முப்பு, நீ பிள்ளையப் பாத்துக்கிட்டு உப்புத்தாள் மட்டும் தேய்ச்சாப் போதும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சோறு பிசைந்துகொண்டே சொன்னார், அதனால்தான் நிஜம் என்று தெரிந்தது. இன்று புளியரையில் ஒரு வீட்டில் கதவு மாட்டப் போயிருக்கிறார். முழுப் பலகையை என்னை நம்பி விட்டுப் போனது இதுதான் முதல் தடவை. பிட் போனால் இன்னொரு பிட் வாங்கலாம், இந்தப் பலகை போனால் இன்னொரு பலகை கிடையாது. கதவுக்குச் சொல்லியிருக்கிற தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் நின்ற ஒற்றை மரம், அதில் இந்த அகலத்துக்குக் கிடைத்தது ஒரே துண்டு.

அண்ணாச்சி வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்சாரம் ராசக்கனி மதினி கண்ணாடி அறைக்குள், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், என் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு. தூசி போகக் கூடாதென்று அந்த அறைக்குள்தான் பாப்பாவுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறேன். வந்ததும் வராததுமாக "தூக்கட்டா" என்று கேட்டாள், தலையாட்டினேன், அவ்வளவுதான், அதிலிருந்து இறக்கவேயில்லை. அண்ணாச்சிக்கு மெஷின் ஓடினாலும் பேச வேண்டும், தொண்டை கிழியக் கத்துகிறார். "என்ன தாயி, உங்க மெஷின் மாட்டைச் செதுக்கிரும், சரி. பாலும் கறக்குமா, இல்ல நாமதான் கறக்கணுமா?" நான் சிரித்தேன். வாயை மூடிக் கட்டிய துண்டுக்குள் சிரித்தது அவருக்கு எப்படித் தெரியும், மறுபடியும் கேட்டார், மறுபடியும் சிரித்தேன். பிறகு அவரே மரத்தின் கதையைச் சொன்னார். கல்யாணமான வருஷம் நட்டதாம். நட்டுவிட்டு பம்பாய்க்குப் போனவர், அங்கே கடை, வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைக்கு வருவார், வீட்டில் அவர் அம்மாவும் மதினியும்தான். "நான் வாரப்ப எல்லாம் மரம் ஒரு முழம் வளந்திருக்கும். முதல்ல ரொம்ப வருஷம் காய் மட்டும் இல்ல. பம்பாய் மரம் மாதிரி, வளத்தி மட்டும்தான்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். காய் மட்டும் இல்லை. கொட்டகைக்குப் பின்பக்கமாகப் போய் அத்தானுக்குப் போன் போட்டேன். "பலகையில கறுப்பா ஒண்ணு தெரியுது." "கணுவா இருக்கும்." "ஆணின்னா?" "ஏட்டி, மரம் எடுக்கும்போதே அண்ணாச்சிட்ட கேட்டேன்லா, ஆணி கீணி உண்டான்னு. கிடையவே கிடையாதுன்னாரு. நீ ஓட்டு, பயந்து பயந்து நிறுத்தாத, நிறுத்தின இடத்துல கோடு விழுந்துரும்." அண்ணாச்சியிடம் கேட்டாராம். பம்பாயில் இருந்தவரிடம்.

காய்க்காத பலாவுக்கு ஆணி அடிப்பார்கள். எங்கள் ஊரிலும் உண்டு. சாகப் போகிறோம் என்று மரத்துக்குப் பயம் வந்துவிட்டால் காய்த்துவிடுமாம். மாடி வீட்டுப் பலாவில் அடித்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அடித்த இடத்தில் பால் வழிந்து, கறுத்து, அப்புறம் மரமே அதை மூடிக்கொண்டது. மூடிக்கொண்ட பிறகு வெளியே ஒன்றும் தெரியாது. அறுவை மில் ரம்பம் ஒரு இழை தப்பிப் போயிருந்தால் அதற்கும் தெரியாது. என்னுடைய பிட்டுக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டால் போதும், ஒரே கேள்வி, ஆணி அடிச்சீகளா மதினி. கேட்டுவிடலாம். ஆனால் அதைக் கேட்பதென்றால் என்ன கேட்பது. மரம் காய்க்காமல் இருந்ததா என்று கேட்பது. காய்க்காத மரத்தைப் பற்றி இவளிடம், வீடு கட்டிக் கதவுக்குப் பசுவும் கன்றும் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவளிடம், ஐம்பதைத் தொடப்போகிற வயதில் என் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதன் உள்ளங்காலை முகர்ந்து முகர்ந்து பார்க்கிறவளிடம். பிள்ளை பெற்றவள் நான் போய்க் கேட்பது. எனக்கும் பாப்பா உடனே வந்துவிடவில்லை. அந்த மூன்று வருஷத்தில் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் கடைசியில் "சும்மா கேட்டேன்" என்றுதான் முடிப்பார்கள். சும்மா கேட்டேன் என்ற வார்த்தைக்குப் பயந்து விசேஷ வீடுகளில் அடுப்பங்கரையைவிட்டு வெளியே வரமாட்டேன், தேங்காய் திருகுவேன், திருகிக்கொண்டே இருப்பேன். இப்போது நான் போய் மதினியிடம் சும்மா கேட்டேன் என்று சொல்ல வேண்டும். வேண்டாம். உளியை எடுத்து நானே தோண்டிப் பார்த்துவிடலாம். தோண்டி, உள்ளே கணுவாக இருந்தால்? நல்ல பலகையில் குழி பறித்தவள் என்று பெயர் வரும், அது பிட் ஒடிவதைவிடக் கேவலம். பாதையை மாற்றியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது, தொடங்குவதற்கு முன்னால் படத்தை நாலு விரல் இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தால் கன்றின் வயிறு அந்த இடத்தில் வந்திருக்கும், வயிறு மேடு, பிட் மேலாகத் தடவிக்கொண்டு போயிருக்கும், கறுப்பு கீழேயே கிடந்திருக்கும் யாருக்கும் தெரியாமல். முதல் சுற்று ஓடியபிறகு தள்ள முடியாது. மார்பு கனக்கிறது, பாப்பாவுக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. அது அழவில்லை. அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தமில்லாமல்.

தூசியை ஊதினேன். பிட் இப்போது கன்றின் குளம்புக்கு வந்துவிட்டது. சத்தம் சரியாக இருக்கிறது, பலாவுக்கு ஒரு சத்தம் உண்டு, தேக்குபோல வறட்டுச் சத்தம் இல்லை, கொஞ்சம் ஈரமாக, பல் தேய்க்கிற சத்தம். மாறினால் தெரியும். மாறும்போது தெரிந்து என்ன பிரயோசனம், இரும்பில் படுகிற சத்தம் காதுக்கு வரும்போது பிட் துண்டாகி எங்கேயாவது பறந்துகொண்டிருக்கும். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார் வேறு, செதுக்குவது தெரியவில்லையாம். "தள்ளி இருங்க அண்ணாச்சி" என்று சொன்னேன், கேட்கவில்லை, கையைக் காட்டினேன், அவர் கையைக் காட்டினார், நான் டாட்டா சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். வேகத்தைக் குறைத்தால்? பாதி வேகத்தில் போனால் கணுவென்றால் தாங்கும். ஆணியென்றால் மெதுவாக ஒடியும், அவ்வளவுதான் வித்தியாசம். போய், திரும்பி, மயிரிழை ஏறி. குளம்பு முடிந்தது. கறுப்பின் கூர் நுனியை பிட் தொட்டது, தூசி மஞ்சளாக வராமல் சாம்பல் நிறமாக வந்தது. கணுவின் தூசியும் கறுப்பாக வரும், ஆனால் அது மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பு. இது சாம்பல். கணுவாகத்தான். கணுவாக. ரேகை சுற்றிக்கொண்டு போகிறதா என்று குனிந்து பார்த்தேன், கண்ணில் தூசி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துகிற பட்டனை அழுத்திவிட்டேன். அழுத்தினதும் பிட்டைத் தூக்கவும் வேண்டும், தூக்காவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றி மரத்தைக் கருக்கிவிடும், தூக்கினேன். மோட்டார் இறங்கி இறங்கி நின்றது. தூசி உறிஞ்சுகிறதையும் அணைத்தேன். கொட்டகையில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை, தகரத்தில் ஏதோ பறவை நடக்கிறது. "என்ன தாயி, கரண்டு போச்சா?" என்றார் அண்ணாச்சி. நான் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். மெஷின் ஓடும்போது கேட்பதாக நினைத்து நினைத்து மனசுக்குள் உரக்கவே ஒத்திகை பார்த்திருந்தேன் போல, குரல் அப்படியே வந்துவிட்டது, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "மதினி, இந்த மரத்துல ஆணி அடிச்சாவளா?"

மதினி பாப்பாவின் காலை விட்டாள். "என்ன ஆணி?" என்றார் அண்ணாச்சி எனக்குப் பின்னாலிருந்து. "நம்ம மரத்துல யாரு ஆணி அடிச்சா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது தாயி." சும்மா கேட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மதினி அவரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், பலகை இருக்கிற பக்கம் பார்த்துச் சொன்னாள். "அடிச்சாவ. உங்க அம்மை."

"அம்மையா? எப்ப?"

"நீங்க பம்பாய்ல இருக்கும்போது. ஒரு வெள்ளிக்கிழமை. மூணு ஆணி. ஒவ்வொண்ணுக்கும் 'காய்ப்பியா, மாட்டியா'ன்னு கேட்டு அடிக்கணும். மரம் பேசாதுல்லா, அதுக்குப் பதிலா ஒருத்தர் நின்னு 'காய்க்கேன்'னு சொல்லணும். என்னை நிக்கச் சொன்னாவ."

"நீ சொன்னியா?"

"சொல்லாம? சுத்தி அவுக கையில இருக்கு." மதினி சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். "மறுநாள் அவுக சந்தைக்குப் போகவும் குறடு எடுத்துட்டுப் போய்ப் பிடுங்கினேன். பாக்கவே முடியல, பால் வடிஞ்சுக்கிட்டு. ரெண்டு வந்துட்டு. ஒண்ணு தலை மட்டும் கையோட வந்துது, மீதி உள்ளேயே நின்னுட்டு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே ராசு."

"எஸ்.டி.டி. பூத்துல மீட்டரைப் பாத்துக்கிட்டே பேசுவீக. அதுல நான் எதைச் சொல்ல? அதோட அந்த வருஷமே மரம் காய்ச்சிட்டு. மரம் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டு." பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நான்தான் பொய் சொன்ன மாதிரி ஆயிட்டு."

அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவும் இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பாப்பாவை வாங்கக் கையை நீட்டினேன், நீட்டின கையை மடக்கிக்கொண்டேன், அவள் வைத்திருக்கட்டும். உளியையும் சின்னச் சுத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன். கறுப்பின் நடுவில் உளியை நிறுத்தி ஒரு தட்டு, இரண்டு தட்டு, பூ மாதிரித்தான் வந்தது மரம். உளி நக்கென்று நின்றது. பிட் இன்னும் எத்தனை கோடு தள்ளி நின்றது என்று பார்க்கக் கூடாதென்று நினைத்தேன், பார்த்தேன், என் சுண்டுவிரல் நகம் அளவுதான். சுற்றிவரத் தோண்டிக் குறடு பிடிக்கிற அளவுக்கு இடம் பண்ணினேன். பிடித்து இழுத்தால் வரவில்லை. அண்ணாச்சி வந்தார், குறட்டை என் கையிலிருந்து வாங்கினார், முழங்கையைப் பலகையில் ஊன்றி இழுத்தார். வந்தது. விரல் நீளம், துரு தின்று நடுவில் மெலிந்து, தலையில்லாமல். அவர் அதை மதினியிடம் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழிக்கு ஒரு அடைப்பு போட வேண்டும். அதே பலகையில் ஓரம் அறுத்த துண்டு கிடந்தது, அதில் ரேகை சேருகிற மாதிரி ஒரு சின்னக் கட்டை சீவி, பசை தடவி, தட்டி இறக்கினேன். கறை போகாது, சுற்றிவர நிழல் மாதிரி இருக்கும், வார்னிஷ் அடித்தால் கன்றின் மூச்சு என்று நினைத்துக்கொள்ளலாம். பசை காயட்டும் என்று பாப்பாவுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தேன், மதினி எழுந்து போய்க் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறைவாக நின்றாள். அப்போது அத்தான் போன் பண்ணினார். "ரெண்டாஞ் சுத்து முடிஞ்சுதா?"

"முடியல. நிறுத்தி வச்சிருக்கேன்."

"நிறுத்தாதன்னு சொன்னேன்லா."

"ஆணி இருந்துது. எடுத்தாச்சு. அடைப்பு போட்டிருக்கேன், பசை காயணும்."

"ஆணியா? அண்ணாச்சி கிடையாதுன்னாரே. யாரு சொன்னா?"

"மதினிட்ட கேட்டேன்."

"யாரு கேட்டா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் யாரோ கதவுக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது, இழைப்புத் தூசியில் யாரோ தும்முகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தான் வேறு பேச்சு பேசுகிற குரலில் கேட்டார். "சரி, விட்ட கோட்டுல இருந்து ஓட்டுவியா, முதல்ல இருந்தா?"

"முதல்ல இருந்து. அடைப்பு வர வரைக்கும் ஏற்கனவே வெட்டின இடம், காத்துலதான் ஓடும், ஓடட்டும். விட்ட இடத்துல தொட்டா கோடு விழும். அந்த இடம் மட்டும் பாதி வேகம்."

"ம். இங்க ஒரு பையன் இருக்கான், மெஷின் ஓட்டத் தெரியும்ங்கான். நாளைக்கு வரச் சொல்லிட்டேன், உங்கிட்ட அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

பாப்பா குடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது. நான் இவ்வளவு நேரம் போனில் பேசி அது பார்த்ததில்லை.

"வரட்டும்" என்றேன். "உப்புத்தாள் தேய்க்கத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க."